பந்தாட்ட ஆசான் ஸையத் அப்துல் ரஹீம்

1962-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 4-ந் தேதி ஜாக்கர்த்தா நகரில், ஏறக்குறைய ஒரு லக்ஷம் ஜனங்கள் கூடியிருந்த மைதானத்தில், இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஆசிய விளையாட்டுப் பந்தயத்தின் தங்கப் பதக்கத்தை வென்றது. அன்று பிறந்த குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டனர். அத்தகைய வெற்றி ஒன்று அதன் பின்னர் நமது கால்பந்துக்கு இன்றளவும் வாய்க்கவில்லை. அன்று மைதானத்தில் ஓடியாடிய பதினொருவரின் பெயர்களில் சிலவற்றை இன்றும் சொல்வோர் இருக்கின்றனர். மைதானத்தின் ஓரத்தில், உடலுக்குள் கொடிய நோய் வளர்ந்துகொண்டிருக்க, கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் பெயரைச் சொல்வோர் வெகு சிலரே. அவர்தாம் ஹைதராபாத் ஸையத் அப்துல் ரஹீம். ஒன்பது மாதங்களுக்குப் பின் அவர் காலமானார்.

ஹைதராபாத்துக்காரர் ஒருவரின் ஜீவிய சரித்திரத்தை நமது சேத்துப்பட்டில் உட்கார்ந்துகொண்டு ஏன் எழுத வேண்டும் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். இது பட்டுத் தறிகளின் ஊர். பாவும் ஊடையும் இன்னதென்று இங்குள்ள சிறுவருக்கும் தெரியும். பாவு ஓட்டவும், அச்சில் இழை கோக்கவும், நாடாவை வீசவும் தகப்பன் மகனுக்குக் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுக்காவிடில், ஒரு தலைமுறையில் தொழில் அற்றுப்போகும். எவ்வளவு உயர்ந்த பட்டு நூல் இருந்தாலும் பயனில்லை. தேசத்தின் கால்பந்துக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய அதுவே. நூல் இருந்தது, நெசவு சொல்லிக் கொடுக்க ஒருவர் இருந்தார், அவர் மறைந்த பின் தறி மெல்ல மெல்ல ஓய்ந்தது. ஆகவே இச்சரித்திரம் நமக்கும் உரியதே. அன்றியும், அவர் வளர்த்த கோஷ்டிகளில் தமிழ்ப் பிள்ளைகளும் முன் வரிசையில் நின்றனர் என்பதைப் பின்னர் காண்போம்.

வெறுங்காலின் பெருமை

இந்தியக் கால்பந்தின் கதையை 1911-ம் வருஷத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி கல்கத்தாவில், மோஹன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தின் வெள்ளைக்காரக் கோஷ்டியை இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்து ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். ஆளுகிறவனை அவனுடைய ஆட்டத்திலேயே, அவனுடைய பூட்ஸ்களுக்கு எதிரே வெறுங்காலோடு வென்றுவிட்டோம் என்ற செய்தி வங்காளம் முழுவதையும் சிலிர்க்கச் செய்தது. அடிமைப்பட்டுக் கிடந்த ஜனங்களுக்கு அந்தச் சிலிர்ப்பு அவசியமாயிருந்தது என்பதில் சந்தேகமில்லை.

அந்தப் பெருமையே பின்னர் ஒரு தளையாகவும் மாறிற்று. வெறுங்கால் என்பது வறுமையின் அடையாளம் என்ற நிலை போய், தேசிய கௌரவத்தின் அடையாளம் ஆகிவிட்டது. சுதந்தரம் பெற்ற மறு வருஷம், 1948-ம் வருஷம் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் டாக்டர் தாலிமரென் ஆவ் தலைமையில் சென்ற நமது கோஷ்டியில் பெரும்பாலோர் வெறுங்காலோடுதான் ஆடினர். பிரான்ஸுக்கு எதிராகக் கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கிவிட்டு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றனர். நம் தரப்பில் கோல் அடித்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஸாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் சுதந்தர இந்தியா போட்ட முதல் கோல் அதுவே. ஆங்கிலேய ஜனங்கள் நம்மவரின் லாகவத்தை மெச்சினர். தோற்றும் மெச்சப்பட்டதில் நாமும் திருப்தி அடைந்துவிட்டோம்.

1950-ம் வருஷம் பிரேஸில் தேசத்தில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்துக்கும் இந்தியாவுக்கு இடம் கிடைத்தது. நம்மோடு போட்டியிட வேண்டிய ஆசிய தேசங்கள் விலகிக்கொண்டதே அதற்குக் காரணம். ஆனால் கோஷ்டி செல்லவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் செல்லவில்லை என்ற கதை தேசமெங்கும் பரவியிருக்கிறது. சாட்சியங்களைச் சீர்தூக்கிப் பார்த்தால் அந்தக் கதை நிலைக்காது. கோஷ்டியைத் தேர்ந்தெடுப்பதில் எழுந்த பிணக்கையும், பயிற்சிக்குக் காலம் போதாமையையும் சம்மேளனத்தார் அன்று காரணமாகக் காட்டினர். ஒலிம்பிக் பந்தயமே பெரிது, உலகக் கோப்பை இரண்டாம் பக்ஷம் என்று அவர்கள் எண்ணியதும் ஒரு காரணம். கதை பொய்யாயினும், அதை நாம் விரும்பி நம்பியது மெய். குறையை மறைக்க ஒரு பெருமைக் கதை நமக்கு வேண்டியிருந்தது.

இத்தகைய காலத்தில்தான் ரஹீம் அரங்குக்கு வந்தார்.

உபாத்தியாயர்

அவர் 1909-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஹைதராபாத் நகரில் பிறந்தவர். உஸ்மானியா சர்வகலாசாலையில் பயின்று பட்டம் பெற்றார். சர்வகலாசாலைக் கோஷ்டியிலும், ஊர்ச் சங்கங்களிலும் கால்பந்து ஆடினார். பிறகு நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியராக அமர்ந்தார். தேகப் பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சி பெற்று, மாணவர்களின் விளையாட்டுகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றார். வகுப்பில் பாடம் சொன்ன அதே மனிதர்தாம் மைதானத்திலும் பாடம் சொன்னார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய பிற்கால வெற்றிகள் அனைத்துக்கும் திறவுகோல் அதுவே.

1940-க்குப் பின் சில வருஷங்களில் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் காரியதரிசியாகி, சாகும் வரையில் அப்பதவியில் இருந்தார். நகரத்துச் சிறுவர்களுக்காக அவர் ஏற்படுத்திய பந்தயங்கள் விசித்திரமானவை. வலக்கால் பழகியவர்கள் இடக்காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று ஒரு பந்தயம். பந்தை ஒருவரே உருட்டிக்கொண்டு போகக் கூடாது, வந்தவுடன் அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும் என்று மற்றொரு பந்தயம். குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்காத குள்ளப் பிள்ளைகளின் பந்தயம் இன்னொன்று. பார்ப்பவர்களுக்கு இவை வேடிக்கையாகத் தோன்றின. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறையைத் தீர்க்க வகுத்த மருந்து. ஒற்றைக் கால் பழக்கம், பந்தைத் தானே வைத்துக்கொள்ளும் ஆசை, உருவத்தில் சிறியவனை ஒதுக்கும் வழக்கம் ஆகிய மூன்றும் நம் தேசத்து ஆட்டத்தைப் பீடித்த நோய்கள் என்று அவர் கண்டார்.

1948-ம் வருஷம் ஹைதராபாத் ராஜ்யம் இந்திய யூனியனோடு இணைந்தது. அதற்கு இரண்டு வருஷங்களுக்குப் பின், 1950-ம் வருஷம், ஹைதராபாத் நகரப் போலீஸ் கோஷ்டியின் பயிற்சி ரஹீமிடம் வந்தது. அவ்வருஷமே அக்கோஷ்டி மோஹன் பகானை வென்று டூராண்ட் கோப்பையைப் பெற்றது. பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷங்கள் வேறெவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கல்கத்தாவே கால்பந்தின் காசி என்று எண்ணியிருந்த தேசம், தக்ஷிணத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தது. தேசியக் கோஷ்டியின் பயிற்சியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1951-ம் வருஷம் மார்ச் மாதம் புது டில்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் பந்தயம் நடந்தது. ஸைலேன் மன்னா தலைமையில் ஆடிய நமது கோஷ்டி, இந்தோனேஷியாவையும் ஆப்கானிஸ்தானத்தையும் வென்று, இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலினால் ஈரானைத் தோற்கடித்துத் தங்கம் பெற்றது. சுதந்தர இந்தியா கால்பந்தில் பெற்ற முதற்பெரும் சர்வதேச வெற்றி இது.

பத்துக்கு ஒன்று

மறு வருஷம், 1952-ம் வருஷம் ஜூலை மாதம், பின்லாந்து தேசத்து ஹெல்ஸிங்கி நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. நமக்கு எதிரே யூகோஸ்லாவியா. கணக்குப் பத்துக்கு ஒன்று, ஒன்று நம்முடையது. ஒலிம்பிக் பந்தயங்களில் நமது கோஷ்டி அடைந்த தோல்விகளில் அதைவிடப் பெரியது கிடையாது.

தோல்விக்குக் காரணம் சொல்ல ஆட்கள் நிறைய இருந்தனர். குளிர் என்றனர், ஈரத்தரை என்றனர், யூகோஸ்லாவியா சாமானியக் கோஷ்டி அன்று என்றனர். எல்லாம் உண்மையே. யூகோஸ்லாவியா அந்தப் பந்தயத்தில் இறுதி வரை சென்று, ஹங்கேரியிடம் மட்டுமே தோற்றது. ஆனால் ரஹீம் இக்காரணங்களின் நிழலில் ஒதுங்கவில்லை. வெறுங்காலின் பெருமை முடிந்துவிட்டது என்பதையும், ஐரோப்பியர் பந்தை மட்டுமின்றி மைதானத்தின் வெற்றிடங்களையும் ஆளுகின்றனர் என்பதையும் அவர் உணர்ந்தார். சம்மேளனத்தார் அத்தோல்விக்குப் பின் பூட்ஸ் அணிவதைக் கட்டாயமாக்கினர். பூட்ஸ் வாங்குவது எளிது. புத்தியை மாற்றுவதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையை ரஹீம் மேற்கொண்டார்.

அக்காலத்தில் நம்மவர் பழைய ஆங்கிலேய முறையில் ஆடி வந்தனர். முன்னணியின் நடுவில் நிற்பவன் கோலுக்கு எதிரே நின்று பந்துக்குக் காத்திருப்பான். ஹெல்ஸிங்கியில் தங்கம் வென்ற ஹங்கேரியர் இதைத் தலைகீழாக்கியிருந்தனர். அவர்களுடைய நடு முன்னணிக்காரன் பின்னுக்கு இறங்கி வருவான். அவனைக் காக்க வேண்டிய எதிரி அவன் பின்னே இழுபட்டு வருவான். அவன் விட்டு வந்த இடத்துக்குள் மற்ற இருவர் புகுந்துவிடுவர். 1953-ம் வருஷம் இதே முறையால் அவர்கள் இங்கிலாந்தை அதன் சொந்த மைதானத்திலேயே ஆறுக்கு மூன்று என்று வீழ்த்தியபோது உலகம் திகைத்தது. ரஹீமுக்கு அதில் திகைப்பில்லை. அவர் அம்முறையை ஊன்றிப் படித்து, தமது பிள்ளைகளின் வேகத்துக்கும் உடற்கட்டுக்கும் ஏற்பத் திருத்திக்கொண்டிருந்தார். பிரேஸில் 1958-ம் வருஷம் உலகக் கோப்பையை வென்றபோது புகழ் பெற்ற, பின்னணியில் நால்வரும் நடுவில் இருவரும் முன்னணியில் நால்வருமாக நிற்கும் அணிவகுப்பை, அதற்கு முன்பே அவர் இந்தியக் கோஷ்டியில் கையாண்டார் என்று விளையாட்டுச் சரித்திரம் எழுதுவோர் கூறுகின்றனர்.

தேசாபிமானம் என்பது நம்முடையதே சிறந்தது என்று சாதிப்பதில் இல்லை. பிறரிடம் இருக்கும் சிறந்ததைக் கற்று நம்முடையதாக்கிக்கொள்வதில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் காண்பது அரிது. வெறுங்காலைக் கொண்டாடியவர்களும் தேசாபிமானிகளே. ஆயினும் பத்துக்கு ஒன்று என்று தோற்ற பின், அத்தோல்வியைப் பாடப்புத்தகம் போல் விரித்து வைத்துக்கொண்டு படித்தவர் ரஹீம்.

வாடகைச் சைக்கிள்

அவர் ஆட்களைத் தேடிய விதமும் அலாதி. பெரிய சங்கங்களின் வாசலில் அவர் காத்திருக்கவில்லை. ஸிகந்தராபாத்துக்கு அருகே பட்டாளக் குடியிருப்பான அம்முகூடாவில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளஸிதாஸ் பலராம் என்ற பையன் இருந்தான். வீட்டில் வறுமை. கால்பந்தைத் தொழிலாகக் கொள்வதில் தாய்க்குச் சம்மதமில்லை. அவனுடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம், ஹைதராபாத்துக்கு வந்து பயிற்சியில் சேரும்படி அழைத்தார். போக வரக் கையில் காசில்லை என்று பையன் தயங்கினான். வாடகைச் சைக்கிளுக்கு ஆகும் செலவை ரஹீமே ஏற்றுக்கொண்டார் என்று பலராம் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த வாடகைச் சைக்கிளில் வந்த பையன்தான் 1956-ம் வருஷம் மெல்பர்ன் சென்றான். 1960-ம் வருஷம் ரோமாபுரியில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தான். 1962-ம் வருஷம் ஜாக்கர்த்தாவில் தங்கம் வென்ற கோஷ்டியின் முன்னணியில் நின்றான்.

மற்றொருவர் பீட்டர் தங்கராஜ். இவரும் ஹைதராபாத்தில் பிறந்த தமிழர். நல்ல உயரம். முதலில் முன்னணியில் ஆடியவர், பின்பு கோல் காக்கும் இடத்துக்கு வந்தார். நீலகிரி வெல்லிங்டனில் உள்ள சென்னை ரெஜிமெண்டுக் கோஷ்டியில் சேர்ந்து, 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை அக்கோஷ்டி வென்றபோது கோலைக் காத்தார். ஆசியாவின் தலைசிறந்த கோல் கீப்பர் என்று பெயரெடுத்தார். தமிழ்நாட்டு ஸைமன் சுந்தரராஜ் ரோமாபுரி சென்ற கோஷ்டியில் இருந்தார். வங்காளத்துச் சுனி கோஸ்வாமி, பிரதீப் குமார் பானர்ஜி, அருண் கோஷ், பஞ்சாபின் ஜர்னெயில் ஸிங், ஹைதராபாத்தின் யூஸுப் கான், கேரளத்துச் சந்திரசேகரன், கோவாவிலிருந்து வந்த பிரான்கோ. பல பாஷைகள் பேசிய இவர்களைப் பந்து என்ற ஒரே பாஷையில் பேச வைத்தவர் ரஹீம்.

அவர் கண்டிப்பானவர், ஆனால் கோபத்தால் ஆளுகிறவர் அல்லர். ஆட்டத்துக்கு முன் எதிரியின் பலம் இன்னது, பலவீனம் இன்னது, இன்னான் இன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்று தெளிவாக விளக்குவார். சுருக்கமாகப் பேசி, ஆட்டக்காரனின் மனத்தைத் தொடும் வித்தை அவரிடம் இருந்ததென்று அவரிடம் பயின்றவர்கள் அனைவரும் ஒருமுகமாகச் சொல்லியிருக்கின்றனர்.

மெல்பர்னும் ரோமாபுரியும்

1956-ம் வருஷம் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஸமர் பானர்ஜி தலைமையில் நமது கோஷ்டி இறங்கியது. முதற் சுற்றில் நம்மோடு மோத வேண்டிய ஹங்கேரி, தன் தேசத்தில் ருஷ்யப் பட்டாளம் புகுந்த கொந்தளிப்பினால் வராமற் போயிற்று. இந்த அதிர்ஷ்டத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. அடுத்து வந்த வெற்றியோ அதிர்ஷ்டத்தால் வந்ததன்று. ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே நாலுக்கு இரண்டு என்று வென்றோம். நெவில் டிஸௌஸா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரை இறுதிக்கு வந்த முதல் ஆசிய தேசமும் இந்தியாவே.

அரை இறுதியில் எதிரே நின்றது மறுபடியும் யூகோஸ்லாவியா. முதற்பாதியில் கோல் இல்லை. பிற்பாதியில் முதல் கோலை அடித்தது இந்தியா. பிறகு யூகோஸ்லாவியர் விழித்துக்கொண்டனர். ஆட்டம் நாலுக்கு ஒன்று என்று முடிந்தது. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் மூன்று கோல்களில் தோற்று, நான்காம் இடம் பெற்றோம். நான்கு வருஷங்களுக்கு முன் பத்துக் கோல் வாங்கியவர்கள், அதே தேசத்தாருக்கு எதிராக முந்திக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிஷங்களே ரஹீமின் நான்கு வருஷ உழைப்புக்குச் சாக்ஷி.

1960-ம் வருஷம் ரோமாபுரியில் நமக்குக் கிடைத்த பிரிவு கடினமானது: ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. பின்னர் வெண்கலம் வென்ற ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். பிரான்ஸுக்கு எதிராக முந்தியிருந்தோம்; ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்கள் சமன் செய்துவிட்டனர். பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்று வெளியேறினோம். பதக்கம் இல்லை. ஆனால் ஐரோப்பியரோடு தோளுக்குத் தோள் நின்று ஆடத் தெரிந்த கோஷ்டி அது. அதன் பின் இந்தியக் கால்பந்து ஒலிம்பிக் பந்தயத்தை எட்டவே இல்லை. அக்கோஷ்டியில் ரஹீமின் குமாரர் ஸையத் ஷாஹித் ஹக்கீமும் சேர்க்கப்பட்டிருந்தார். ஆயினும் ஒரு நிமிஷமும் அவர் மைதானத்தில் இறங்கவில்லை. மகன் என்பதற்காக ரஹீம் யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை.

ஜாக்கர்த்தா

1962-ம் வருஷம் ஜாக்கர்த்தாவுக்குச் சென்றபோது நிலைமை மிகவும் பாதகமாயிருந்தது. இஸ்ரேல், தைவான் ஆகிய தேசத்தாருக்கு இந்தோனேஷிய சர்க்கார் அனுமதி மறுத்தனர். ஆசியப் பந்தயம் என்ற பெயருக்கு அது பொருந்தாது என்று இந்தியாவின் ஜி. டி. ஸோந்தி ஆட்சேபித்தார். அதன் பயனாக இந்தியர் மீது ஜனங்களின் கோபம் திரும்பிற்று. நமது ஸ்தானிகர் அலுவலகம் தாக்கப்பட்டது. ஸிக்கிய ஆட்டக்காரர்கள் வெளியே தெரியாதபடி பஸ்ஸில் குனிந்து பதுங்கிச் செல்ல நேர்ந்தது.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் இரண்டு கோல்களில் தோல்வி. பிறகு தாய்லாந்தை நாலுக்கு ஒன்று என்றும், ஜப்பானை இரண்டுக்குப் பூஜ்யம் என்றும், அரை இறுதியில் தென் வியத்நாமை மூன்றுக்கு இரண்டு என்றும் வென்று நமது கோஷ்டி இறுதி ஆட்டத்தை அடைந்தது. இடையில் பின்னணித் தூணான ஜர்னெயில் ஸிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. பின்னணியில் தலையால் பந்தை ஓயாமல் மறிக்க அவரால் இயலாது. வேறொரு பயிற்சியாளராயின் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்னணிக்கு அனுப்பினார். அரை இறுதியிலும் அவர் கோல் அடித்தார். இறுதி ஆட்டத்திலும் அடித்தார். இடையில் நோயுற்று ஒதுங்கியிருந்த தங்கராஜை இறுதி ஆட்டத்தில் கோல் காக்க நிறுத்தினார். உயரப் பந்துகளை நம்பிய கொரியருக்கு எதிராக உயரமான ஆள் வேண்டும் என்பது அவர் போட்ட கணக்கு.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய இரவு ரஹீமுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஆட்டக்காரர்களிடம், தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று மட்டும் கேட்டுக்கொண்டதாக அவர்கள் பிற்காலத்தில் கூறியிருக்கின்றனர். மைதானத்தில் கூட்டத்தின் கூச்சலுக்கு இடையே நமது தேசிய கீதம் காதில் விழவில்லை. லக்ஷம் பேர் எதிர்த்த அந்த மைதானத்தில், நம்மை ஹாக்கியில் தோற்கடித்துத் தங்கம் பெற்றிருந்த பாகிஸ்தான் கோஷ்டியார் நமக்காகக் கை தட்டினர் என்பதையும் நம் ஆட்டக்காரர்கள் மறக்காமல் சொல்லி வந்தனர். முதல் இருபது நிமிஷங்களுக்குள் பானர்ஜி ஒன்றும் ஜர்னெயில் ஒன்றுமாக இரண்டு கோல்கள் விழுந்தன. கடைசி நிமிஷங்களில் கொரியர் ஒன்று அடித்தனர். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கம் நமக்கு வந்தது. முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே கோஷ்டியை இறுதி ஆட்டத்தில் வென்றோம். தோல்வியைப் படித்துத் திருத்திக்கொள்ளும் ரஹீமின் முறை, பத்து வருஷ வேலையை இம்முறை பத்து நாட்களில் செய்து காட்டியது.

ஓய்ந்த தறி

1963-ம் வருஷம் ஜூன் மாதம் 11-ந் தேதி, புற்றுநோயால் ரஹீம் காலமானார். வயது ஐம்பத்து மூன்று. உயிரோடிருந்த காலத்தில் தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

அவர் விட்டுச் சென்ற பயிற்சி உடனே அழிந்துவிடவில்லை. 1964-ம் வருஷம் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. 1970-ம் வருஷம் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் வெண்கலம் கிடைத்தது. அப்பொழுது பயிற்சியாளர்களில் ஒருவராக நின்றவர் ரஹீமின் மாணவர் பானர்ஜியே. குரு ஊட்டிய பால் அந்த மட்டும் உதவிற்று. அதன் பின் நாம் பட்ட சிறுமைகளை அடுக்க வேண்டாம். ஒன்று போதும்: 2024-ம் வருஷம் ஜனவரியில் கட்டார் தேசத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றோம், ஒரு கோல் கூட அடிக்கவில்லை. அவ்வருஷமே ரஹீமின் சரித்திரத்தைச் சொல்லும் ஒரு ஹிந்தி சினிமா வெளிவந்தது. சினிமாக் கொட்டகையில் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. மைதானத்தில் அவருடைய வேலையைத் தொடர ஏற்பாடு எங்கே?

பணம் இல்லாததால் இந்நிலை வந்தது என்று ஒப்புக்கொள்ள முடியாது. ரஹீமின் காலத்தில் இருந்ததைவிட இன்று பணம் பன்மடங்கு அதிகம். அன்னிய தேசங்களிலிருந்து பெரும் சம்பளத்துக்குப் பயிற்சியாளர்களை வரவழைத்தும் பார்த்தாயிற்று. பிறரிடம் கற்பது தவறன்று; ரஹீமே ஹங்கேரியரிடம் கற்றார். ஆனால் அவர் கற்றது பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. இடக்கால் பந்தயமும் குள்ளப் பிள்ளைகளின் பந்தயமும் நடத்திய பின்பே அவர் ஒலிம்பிக் கோஷ்டியைத் தொட்டார். நாமோ மேலே கோபுரத்துக்குப் பொன் முலாம் பூசுகிறோம். அஸ்திவாரத்துக்குக் கல் சுமக்க ஆளில்லை.

தேசத் தொண்டில் ஈடுபட்ட நமது அன்பர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. மேடையில் பேசுவதும் ஊர்வலம் போவதும் மட்டுமே தொண்டு ஆகாது. நமது சேத்துப்பட்டில் தறி வேலை முடிந்து மாலையில் பந்தைத் தேடி ஓடும் நெசவாளர் பிள்ளைகளுக்கு, முள்ளும் கல்லும் நீக்கிய ஒரு மைதானம் வேண்டும். நமது பள்ளிக்கூடங்களில் தேகப் பயிற்சிக்கென்று ஒதுக்கிய வேளையைப் பரீக்ஷைப் பாடத்துக்குத் திருப்பிவிடும் வழக்கம் நிற்க வேண்டும். தேகப் பயிற்சி ஆசிரியரை மற்ற ஆசிரியருக்கு ஒரு படி கீழாக வைக்கும் மனப்பான்மை போக வேண்டும். ஆரணி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் சிறுவர் பந்தயம் ஒன்று வருஷந்தோறும் நடத்த நமது வாலிபர் சங்கங்கள் முன்வந்தால், அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பந்துகள் சிலவும், பொறுமையுள்ள பெரியவர் இருவரும் போதும்.

எங்கோ ஓர் ஏழை வீட்டில், சைக்கிள் வாடகைக்குக் காசில்லாத இன்னொரு பலராம் இருக்கக்கூடும். நம் ஊரிலேயே இருக்கக்கூடும். அவனைக் கண்டுபிடித்து, அந்த வாடகையை யார் கொடுப்பது என்பதே நம் முன் நிற்கும் கேள்வி. ஜூன் மாதம் 11-ந் தேதி வரும்போது, ரஹீம் அவர்களின் பெயரால் அதற்குரிய ஏற்பாடு ஒன்றை நமது ஊரார் தொடங்குவார்களானால், அதுவே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.